பாண்ட் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது, எப்படித் தரவரிசை போடுவது?

கேட்ட தம்பியின் நிலைமை இது. தேசிய சேவையில் ஒன்றாக இருந்த நான்கு நண்பர்கள் ஜேம்ஸ் பாண்ட் படங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துத் தரவரிசை போட ஆரம்பித்திருக்கிறார்கள். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். எட்டுப் படம் முடிவதற்குள் பாதிக்கு 7, பாதிக்கு 8 என்று ஆகிவிட்டது. எது மேலே, எது கீழே என்று சொல்ல முடியவில்லை, வாக்குவாதம்தான் மிச்சம். வெளியான வரிசையிலேயே போவதா, நடிகர்வாரியாகப் பிரித்துக்கொள்வதா, பிடிக்காததைத் தாண்டிவிடலாமா, மதிப்பெண்ணை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறார்.

தம்பி, நாங்கள் ஐந்து பேர் இதைத் தொடங்கி முடித்தவர்கள். 2022இல் ஈசூனில் ஒரு நண்பர் வீட்டில், சனிக்கிழமை இரவுகளில் பார்த்தோம். நோன்பு மாதத்தில் எங்கள் நண்பர் ஒருவருக்காக நிறுத்தி வைத்தோம், தீபாவளி நெருங்கியபோது இரண்டு வாரம் விட்டுப்போனது. மொத்தம் 25 படம், ஏறக்குறைய 53 மணி நேரம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

வெளியான வரிசையிலேயே பாருங்கள். ஒன்றையும் தாண்டாதீர்கள். மதிப்பெண் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில் வரிசை. நடிகர்வாரியாகப் பார்ப்பது வசதியாகத் தெரியும். ஷான் கானரிக்கு ஆறு, ஜார்ஜ் லேசன்பிக்கு ஒன்று, ரோஜர் மூருக்கு ஏழு, டிமோத்தி டால்டனுக்கு இரண்டு, பியர்ஸ் பிராஸ்னனுக்கு நான்கு, டேனியல் கிரெய்க்குக்கு ஐந்து. ஆனால் அப்படிப் பிரித்தால் கானரி திரும்பி வந்த 1971 படம் லேசன்பிக்கு முன்னால் போய்விடும். அவர் ஏன் திரும்பி வர வேண்டியிருந்தது என்பதே புரியாமல் போகும். இந்தத் தொடரை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒவ்வொரு படமும் முந்தைய படத்துக்குச் சொல்லும் பதில். முந்தையது அளவு மீறினால் அடுத்தது அடங்கும். முந்தையது சோர்ந்தால் அடுத்தது துள்ளும். கேள்வியைக் கேட்காமல் பதிலுக்கு மதிப்புப் போட முடியாது அல்லவா?

'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைக்குள் ராக்கெட் தளம். கென் ஆடம் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் கட்டிய அந்த ஓர் அரங்குக்கு மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் செலவானது. அதைவிடப் பெரிதாக இனி என்ன காட்டுவது? அதற்குப் பதிலாக வந்தது 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' (1969). கருவிகள் ஏறக்குறைய இல்லை. ஒரு மனிதன் பனிமலையில் உயிருக்கு ஓடுகிறான், ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், அன்றே அவளை இழக்கிறான். 1977இல் 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ' முடியும்போது, பாண்ட் அடுத்து 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யில் வருவார் என்று திரையில் எழுத்து ஓடும். அந்த ஆண்டு விண்வெளிப் படங்களுக்குப் பெரும் அலை எழுந்தது. தயாரிப்பாளர்கள் திட்டத்தை மாற்றி, 'மூன்ரேக்கர்' (1979) எடுத்து பாண்டை விண்வெளிக்கு அனுப்பினார்கள். வசூலில் 1995 வரை அதுதான் தொடரின் முதலிடம். அப்படியிருந்தும் 1981இல் வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யில் பாண்ட் தரைக்கு இறங்கி, தன் லோட்டஸ் கார் ஆரம்பத்திலேயே வெடித்துப்போக, ஒரு சின்ன சிட்ரோயன் காரில் மலைப்பாதையில் தப்பிக்கிறார். 'மூன்ரேக்கர்' பார்த்த அடுத்த வாரமே இதைப் பார்த்தால்தான் அந்தச் சின்னக் காரின் அழகு தெரியும். தனியாகப் பார்த்தால் அது வெறும் கார் துரத்தல்.

இதில் மிகக் கூர்மையான திருப்பம் 2002க்கும் 2006க்கும் நடுவில் இருக்கிறது. 'டை அனதர் டே'யில் கண்ணுக்குத் தெரியாத கார், பனி மாளிகை, கணினியில் வரைந்த பேரலையில் சறுக்கும் பாண்ட். எங்கள் ஐவரில் நால்வர் பட்டியலில் அது கடைசி மூன்றுக்குள் இருந்தது, எனக்கு 25ஆவது. அடுத்து 'கசினோ ராயல்'. கருப்பு வெள்ளையில், ஒரு கழிப்பறைச் சண்டையில் தொடங்குகிறது. அடித்தால் வலிக்கிறது, ரத்தம் சட்டையில் ஒட்டுகிறது. கட்டுமானத் தளத்தில் செபாஸ்டியன் ஃபூக்கான் பூனைபோலத் தாவித் தப்புகிறார், பாண்ட் சுவரையே உடைத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறார். யார் இந்த மனிதன் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள். பாண்டைப் படைத்த எழுத்தாளர் ஃபிளெமிங் 1953இல் எழுதிய முதல் நாவல் இது. இதைப் படமாக்கும் உரிமை, இந்தத் தொடரைத் தயாரித்த இயான் நிறுவனத்தின் கைக்கு 1999 வாக்கில்தான் முழுதாக வந்து சேர்ந்தது. காத்திருந்தது வீண்போகவில்லை.

அப்புறம் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஜப்பானில் நடக்கும் ஐந்தாவது படமான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் பாண்டும் வில்லன் ப்ளோஃபெல்டும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஆறாவது படத்தில் பாண்ட் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு பெயரில் போகிறார், ப்ளோஃபெல்டுக்கு அடையாளம் தெரியவில்லை. காரணம் எளிது. புத்தகங்களில் கல்யாணக் கதை 1963, ஜப்பான் கதை 1964. படங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. அதற்காகப் புத்தக வரிசையில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பல படங்களுக்கும் அதே பெயருள்ள புத்தகங்களுக்கும் தலைப்பைத் தாண்டி உறவு குறைவு.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை லேசன்பி நடித்த அந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்துக்குத்தான். அவர் ஆஸ்திரேலிய விளம்பர மாடல், முழுநீளப் படத்தில் நாயகனாக நடித்த அனுபவமே இல்லாதவர். படம் வெளிவருமுன்பே இனி பாண்டாக நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முந்தைய படத்தைவிட வசூலும் குறைவு. அதனால் "அந்த ஒரு பட ஆள்" என்று பல பட்டியல்களில் கீழே தள்ளிவிடுவார்கள். எனக்கு அது முதலிடம். இயக்கிய பீட்டர் ஹன்ட் முதல் படங்களின் படத்தொகுப்பாளர். வெட்டும் வேகம் அவர் கையில் இருந்தது, பனிச்சறுக்குத் துரத்தலில் அது தெரியும். டயானா ரிக் நடித்த டிரேசி, பாண்டுக்கு நிகராக நின்று பேசும் பெண். ஜான் பேரியின் இசை, லூயி ஆம்ஸ்ட்ராங் குரல். ஆனால் இதெல்லாம் இரண்டாம் காரணங்கள். கடைசிக் காட்சியில் சாலையோரம் நிற்கும் காருக்குள் பாண்ட் பேசும் மெல்லிய வார்த்தைகள்தான் முதல் காரணம். தோற்றுப்போன பாண்டைத் தொடர் அதுவரை காட்டியதே இல்லை. நண்பர் ஒருவர் இதை 19ஆம் இடத்தில் வைத்தார். கானரியின் இடத்தில் வேறு முகத்தை அவரால் ஏற்க முடியவில்லை என்றார். அவரைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

அடுத்து, நம் ஊர்ப் பக்கத்துப் படங்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்ப்பவனுக்கு லண்டன்காரர் கவனிக்காதது பல கண்ணில் படும். அதைத் தரவரிசையில் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

'த மேன் வித் த கோல்டன் கன்' (1974) எடுக்கப்பட்டது ஹாங்காங், மக்காவ், பாங்காக், அப்புறம் புக்கெட் பக்கத்து ஃபாங்ஙா விரிகுடா. கடலில் ஆணி அடித்தாற்போல நிற்கும் அந்தப் பாறையை இப்போது ஜேம்ஸ் பாண்ட் தீவு என்றே படகுக்காரர்கள் அழைக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்த சிங்கப்பூரர் எத்தனை பேர்! நானும் போயிருக்கிறேன். அந்த நினைவு படத்தின்மீது ஒரு பிரியத்தை உண்டாக்கிவிடும். ஆனால் படத்தைத் திரும்பப் பார்க்கும்போது, மரயானை விற்கும் சிறுவன் பாண்டின் படகு இயந்திரத்தைக் கிளப்ப உதவுகிறான். காசு தருவதாகச் சொன்ன பாண்ட் அவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போகிறார். சிரிக்க வைப்பதற்கு எழுதிய காட்சி. எங்கள் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதே படத்தில் கார் ஒன்று உடைந்த பாலத்தின் மேல் காற்றில் ஒரு முழுச்சுற்று சுழன்று அந்தப்பக்கம் இறங்கும். கணினியில் கணக்குப் போட்டு, ஒரே தடவையில் எடுத்த சாகசம். அதன்மேல் ஒரு விசில் சத்தத்தைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். ஸ்கராமங்காவாக வரும் கிறிஸ்டஃபர் லீ தொடரின் சிறந்த வில்லன்களில் ஒருவர், அவருக்குக் கிடைத்த படம் அவருக்குத் தகுந்ததல்ல.

'ஆக்டோபஸி' (1983) வந்தபோது எனக்குப் பத்து வயது. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று அழைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் என் அப்பா. செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலை. திரையில் விஜய் அமிர்தராஜ் மகுடி ஊதி பாண்ட் இசையை வாசிக்கும்போது அப்பா என் தோளைத் தட்டி, "நம்ம சென்னைப் பையன்டா" என்றார். விம்பிள்டன் ஆடிய தமிழர் ஒருவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்கிறார். அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் எனக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் நாற்பது வயதுக்குமேல் பார்த்தபோது வேறு சில கண்ணில் பட்டன. உதய்ப்பூர் தெருவில் வாள் விழுங்குபவர், ஆணிப்படுக்கை, தீமிதி எல்லாம் ஒரே துரத்தலில் வரிசை கட்டி நிற்கின்றன. சூதாட்டத்தில் வென்ற ரூபாய்க்கட்டை நீட்டி, சில வாரம் கறிக்கு ஆகும் என்ற பொருளில் பாண்ட் ஒரு வசனம் சொல்கிறார். அமிர்தராஜின் கதாபாத்திரத்தைக் கொடூரமாகக் கொன்றுவிட்டுக் கதை அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

இந்தப் படத்தை எந்த இடத்தில் வைப்பது? எனக்கு இதில்தான் ஒரு வழி பிடிபட்டது: இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று சிறந்த படங்கள், இன்னொன்று பிடித்த படங்கள். முதல் பட்டியலில் 'ஆக்டோபஸி' எனக்கு 17, இரண்டாவதில் 4. இரண்டும் உண்மை. ஒரே பட்டியலில் இரண்டையும் திணிக்கும்போதுதான் நண்பர்களுக்குள் சண்டை வருகிறது. ஒருவர் பிடித்ததைச் சொல்கிறார், மற்றவர் சிறந்ததைச் சொல்கிறார், இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் நால்வருக்குள் நடப்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பகுதியில் ஓர் ஆறுதல் 'டுமாரோ நெவர் டைஸ்' (1997). ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ சீன உளவாளியாக வருகிறார். பாண்டோடு ஒரே கைவிலங்கில் மாட்டிக்கொண்டு, ஒரே மோட்டார் சைக்கிளில் இருவரும் தப்பும் காட்சியில் பாதி வேலை அவருடையது. சைகோனாகக் காட்டப்படுவது உண்மையில் பாங்காக். 1967இல் பாண்டுக்கே ஜப்பானியர் வேடம் போட்டு ஜப்பானைக் காட்டிய தொடர், முப்பது ஆண்டு கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வெளியான வரிசையில் பார்த்தால் இந்தத் தூரமும் தெரியும். அதனால் நடுத்தரமான அந்தப் படத்துக்கு நான் சிறந்தவை பட்டியலில் 11ஆம் இடம் கொடுத்தேன்.

சரி, மதிப்பெண் விஷயத்துக்கு வருவோம். பத்துக்கு இத்தனை என்பது ஏன் உடைகிறது? முதல் படத்துக்கு 7 போடும்போது உங்கள் கையில் ஒப்பிட ஒன்றுமில்லை. பத்தாவது படத்துக்கு 7 போடும்போது ஒன்பது படம் இருக்கிறது. இரண்டு 7க்கும் பொருள் வேறு. போதாததற்கு அன்றைய களைப்பு, சாப்பாடு, பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு எல்லாம் எண்ணுக்குள் புகுந்துவிடும். ஆனால் இரண்டு படங்களை முன்னால் வைத்து, இன்றிரவு ஒன்றைத்தான் மறுபடி பார்க்கலாம், எது என்று கேட்டால் யாருக்கும் பதில் வந்துவிடும். அந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஜோடிகளையும் ஒப்பிடுவதென்றால் 25 படத்துக்கு 300 ஜோடி, அது நடக்காது. தேவையும் இல்லை. புதிய படம் பார்த்ததும் பட்டியலின் நடுவில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிட மேல் என்றால் மேல்பாதியின் நடுப்படத்தோடு, கீழ் என்றால் கீழ்ப்பாதியின் நடுப்படத்தோடு. இப்படிப் பாதி பாதியாகப் போனால், பட்டியலில் 12 படம் இருக்கும்போது நான்கு கேள்வியில் இடம் கிடைத்துவிடும். கடைசிப் படத்துக்கும் ஐந்து கேள்வி போதும். புதிய படம் ஓர் இடத்தில் செருகப்பட்டால் மற்றவை தானாக நகரும். எந்த இரண்டு படமும் ஒரே இடத்தில் நிற்காது.

இதை ஒவ்வொருவரும் தனியாக, பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். இது முக்கியம். எங்களில் ஒருவர் நன்றாகப் பேசுவார், முதலில் எல்லார் பட்டியலும் அவர் பட்டியல் மாதிரியே இருந்தது. அப்புறம் ஒரு விதி வைத்தோம்: படம் முடிந்த இரவு பேசுவதில்லை, மறுநாள் ஞாயிறு காலை கோப்பிக்கடையில் கூடி, எழுதிய தாளை மேசையில் வைத்த பிறகுதான் வாயைத் திறப்பது. ஓர் இரவு தூங்கி எழுந்தால், சாகசங்களின் சத்தம் அடங்கி, மனதில் நின்றது எது என்று தெரியும். 'தண்டர்பால்' இந்த விதியால் கீழே போனது. நீருக்கடியில் நடக்கும் சண்டை பார்க்கும்போது பிரமாதம், காலையில் யாருக்கும் ஒரு முகம்கூட நினைவில்லை. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' மேலே வந்தது. ரயில் பெட்டிக்குள் கானரியும் ராபர்ட் ஷாவும் போடும் அந்தச் சண்டையை மறுநாள் காலையில் எல்லாரும் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நால்வரின் பட்டியலையும் சேர்த்து ஒரே பட்டியல் ஆக்குவதற்கு, ஒவ்வொரு படத்துக்கும் நால்வர் கொடுத்த இடங்களை எழுதி, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள இரண்டைக் கூட்டுங்கள். சிறிய கூட்டுத்தொகை மேலே. ஒருவருடைய தீராத காதலோ தீராத வெறுப்போ மொத்தப் பட்டியலையும் இழுத்துக்கொண்டு போகாது. கூட்டுத்தொகை சமமாக வந்தால் தள்ளிவிட்ட எண்களை எடுத்துப் பாருங்கள்.

தாண்டுவது பற்றி. 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்', 'எ வியூ டு எ கில்' இரண்டையும் எல்லாரும் தாண்டச் சொல்வார்கள். பின்னதில் மூருக்கு 57 வயது, அவரே ஓடுவதைவிட அவருக்குப் பதிலாக ஓடுபவர்கள்தான் அதிகம் தெரிகிறார்கள். ஆனால் அதைப் பார்க்காமல் டால்டனின் 'த லிவிங் டேலைட்ஸ்' பார்த்தால், ஜிப்ரால்டர் பாறையில் ஜீப்பின் கூரைமேல் தொங்கும் அந்த இளைய முகத்தின் பதற்றம் உங்களைத் தாக்காது. டால்டனின் இரண்டு படங்களையும் தரவரிசைகள் குறைவாக மதிப்பிட்டிருக்கின்றன என்று உறுதியாக நினைக்கிறேன். 1989க்குப் பிறகு வழக்கு வியாஜ்யங்களால் ஆறு ஆண்டு படமே வரவில்லை. அதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 'கோல்டன்ஐ'யில் மேலதிகாரியாக வரும் ஜூடி டென்ச் பாண்டைப் பார்த்து, பனிப்போரின் மிச்சம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது அந்த ஆறு ஆண்டுக்கான பதில். இந்த இடைவெளியை உணர, நீங்களும் இரண்டு வாரம் விட்டுப் பார்க்கலாம். இதற்கு நேர்மாறாக 'கசினோ ராயல்', 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' இரண்டையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள். முதல் படம் முடிந்த கையோடு இரண்டாவது தொடங்குகிறது. 106 நிமிடம்தான், தொடரிலேயே சிறியது. தனியாகப் பார்த்தபோது எனக்கு 22, சேர்த்துப் பார்த்தபோது 14.

இயான் நிறுவனம் எடுக்காத 1967 நையாண்டிப் படத்தையும், 1983இல் கானரி நடித்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' படத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். விருப்பமிருந்தால் எல்லாம் முடிந்த பிறகு பாருங்கள்.

இனி அந்த நண்பர். லேசன்பி படத்தை 19இல் வைத்தவர். டிரேசியின் இழப்பு தொடரில் அப்புறமும் நடிகர் மாறி மாறித் திரும்பி வரும். 1977இல் ஓர் உரையாடலில் இறந்த மனைவியைப் பற்றிய பேச்சு வந்ததும் மூரின் முகம் மாறும். 1981 படம் அவள் கல்லறையில் தொடங்கும், கல்லில் 1969 என்று பொறித்திருக்கும். 1989இல் டால்டனின் முகத்தில் ஒரு நொடி. அவர் ஒவ்வொன்றையும் கவனித்தார், ஆனால் பட்டியலை மாற்றவில்லை. கடைசியில் 'நோ டைம் டு டை' (2021), 163 நிமிடம். ஆரம்பத்தில் இத்தாலியின் மத்தேரா மலைப்பாதையில் கார் ஓட்டிக்கொண்டே, நமக்கு உலகத்தில் உள்ள நேரமெல்லாம் இருக்கிறது என்று கிரெய்க் சொல்கிறார். டிரேசியிடம் லேசன்பி சொன்ன அதே வார்த்தைகள். பின்னணியில் ஜான் பேரியின் அதே மெட்டு. 2021இல் அவர் அரங்கில் இந்தப் படத்தைப் பார்த்தபோது அது வெறும் காதல் வசனமாகக் கடந்து போயிருந்தது. இப்போது சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்து ஆம்ஸ்ட்ராங் குரல் வந்தபோது யாரும் விளக்கைப் போடவில்லை.

மறுநாள் கோப்பிக்கடையில் அவர் தாளில் 19 அடிக்கப்பட்டு 3 என்று இருந்தது. அதனால் ஒன்று செய்யுங்கள் தம்பி, கடைசிப் படம் முடியும்வரை எந்தப் பட்டியலையும் மையால் எழுதாதீர்கள். பென்சில் போதும்.